புதுப்பிப்பு: எக்ஸ்-கதிர் எண்ணியின் உச்சம் நகர்ந்ததற்கான காரணம்

எங்கள் சென்னை ஆய்வகத்தில் செய்த சிறிய வாயு எண்ணியில் (எக்ஸ்-கதிர் வாயுவில் விடுவிக்கும் எலெக்ட்ரான்களைக் கம்பியருகே பெருக்கி, மின்துடிப்பாக அளக்கும் கருவி), இரும்பு-55 என்ற கதிரியக்க மூலம் தரும் 5.9 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்குரிய துடிப்பு வரைபட உச்சம் மூன்றே நாளில் கீழிறங்கி அகன்றுவிட்டதாகவும், உயர் மின்னழுத்தக் கருவியே காரணமாகலாம் என்றும் சென்ற மாத இழையில் எழுதியிருந்தேன். அந்தக் கணிப்பு தவறு. ஜன்னல் சட்டத்தைக் கழற்றியபோது, ரப்பர் வளையத்தின் குறுக்கே, துடைத்த துணியிலிருந்து உதிர்ந்த ஒற்றை நூலிழை படிந்திருந்தது. அது விட்ட இடைவெளி வழியே நுழைந்த ஆக்சிஜன், கம்பியை நோக்கி நகரும் எலெக்ட்ரான்களைப் பிடித்துக்கொண்டதால் துடிப்புகள் சிறுத்தன (நம்மூர் ஈரப்பதமும் சும்மா இருந்திருக்காது). வளையத்தை மாற்றி ஆர்கான்-மீத்தேன் கலவையை மீண்டும் நிரப்பியபின், இரண்டு வாரமாக உச்சம் அசையவில்லை.

விண்வெளியில் கசிவின் விளைவு நேரெதிரானது. 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட இந்திய வானியல் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டின் மூன்று பெரும்பரப்பு எக்ஸ்-கதிர் எண்ணிகளில் ஒன்றிலிருந்து, அதில் நிரப்பிய செனான் வாயு மெல்ல வெளியேற, அழுத்தம் குறையக் குறைய அதே மின்னழுத்தத்தில் எலெக்ட்ரான் பெருக்கம் கூடி, துடிப்புகள் பெரிதாயின. மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துச் சமாளித்தும், 2018-இல் அந்த அலகை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரே பெரிய அறையாக ஏன் கட்டவில்லை என்று முன்பு கேட்ட நண்பருக்கு இதுவே என் பதில்: ஒன்றின் கசிவு மற்ற இரண்டின் வாயுவைத் தொடவில்லை.

அந்த ஆஸ்ட்ரோசாட் எண்ணிகளின் ஜன்னலோ வெறும் 50 மைக்ரான் மைலார் (ஒருவகை பிளாஸ்டிக்) தாள். உள்ளே இரண்டு வளிமண்டல அழுத்தம், வெளியே வெற்றிடம் என்பதால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ இரண்டு கிலோ எடை அழுத்துகிறது. பார்வைப் புலத்தைக் குறுக்கும் கட்டச் சட்டமே அதைத் தாங்கவும் செய்கிறது. எங்கள் அடுத்த அறையை, ஹீலியம் கசிவுச் சோதனை முடியாமல் நிரப்பப் போவதில்லை.