கருத்தரிக்க முயலும்போது உணவில் எதை மாற்றுவது?

கேள்வி (அம்மாபேட்டை, சேலம்):
குழந்தைக்காக முயன்று வருகிறோம். காலையில் பெரும்பாலும் ஜவ்வரிசி உப்புமா, சாப்பிட்ட கையோடு ஏற்காட்டுக் காப்பி என்று பழகிவிட்டது. எதை மாற்றலாம் என்று அக்காமார்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1:
தங்கச்சி, ஜவ்வரிசி என்பது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்துதான். புரதமும் இரும்புச்சத்தும் அதில் மிகக் குறைவு என்பதால், அதை எப்போதாவது வைத்துக்கொண்டு, கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, முளைகட்டிய பச்சைப்பயறு, முட்டை என்று மாற்றிக்கொள்ளுங்கள். கீரையை அடுப்பிலிருந்து இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். உடனே காப்பி குடித்தால் அது தடைபடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

பதில் 2:
உணவோடு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினும் அவசியம். குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக்குழாய் சரியாக மூட அது உதவும். கருவுற்ற சுமார் 28 நாட்களுக்குள், பல பெண்கள் கருவுற்றதை அறியும் முன்பே அந்தக் குழாய் மூடிவிடுவதால், நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு இப்போதே தொடங்குங்கள். காப்பியில் உள்ள காஃபீன் நாளுக்கு 200 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம்.

பதில் 3:
சகோதரி, எல்லாவற்றையும் நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை. விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகும். ஆகவே உங்கள் கணவரும் இதே உணவை உண்டு, புகையும் மதுவும் இருந்தால் இன்றே விட வேண்டும். ஓராண்டு முயன்றும், உங்களுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால், இருவரும் சேர்ந்தே பரிசோதனைக்குச் செல்லுங்கள்.