பதிந்த உயிலை மாற்றணும்: திருத்தம் போதுமா, புது உயிலா?

வணக்கம். அப்பா (78) 2014-ல் பதிந்த உயிலை மாற்ற வேண்டும். அதில் உள்ள ஒரு மனையை விற்றாயிற்று. பிறகு வாங்கிய வீடு அதில் இல்லை. சாட்சிகளில் ஒருவர் காலமாகிவிட்டார்.

திருத்தம் மட்டும் எழுதினாலும் இரண்டு சாட்சிகள் வேண்டும். நாளைக்கு இரண்டு பத்திரங்களையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் வில்லங்கமே. அதனால் பழைய உயிலின் ஆவண எண், தேதியைச் சொல்லி ரத்து செய்து, சர்வே எண், நான்கெல்லையோடு புது உயிலே எழுத நினைக்கிறோம். சாட்சிகள் வயதில் சிறியவர்கள், பங்கில்லாதவர்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, தெரியும்.

அப்பாவால் படியேற முடியாது. சார்பதிவாளரை வீட்டுக்கு வரவழைக்க மனுவோடு என்னென்ன வைக்க வேண்டும்? மருத்துவச் சான்றில் மனத்தெளிவையும் தனியாக எழுதி வாங்கணுமா? மதுரைப் பக்கம் சமீபத்தில் செய்தவர்கள், வக்கீல்கள் சொல்லுங்கள்.