முதுநகர் படங்களை எந்த உரிமத்தில் விடலாம்?

விளம்பர நிறுவனத்தில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் காட்சித் தொடர்பியல் பாடம் எடுக்கிறேன். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் நான் எடுத்த மீன் ஏலப் படங்கள் நிறைய இருக்கின்றன. தரையில் கொட்டிய சங்கரா, ஈரச் சேலையோடு விலை கேட்கும் அம்மாக்கள். மாணவர்கள் வெட்டி ஒட்டிப் பழக அவற்றைத் திறந்த உரிமத்தில் விட ஆசை. யாராவது காசாக்கிவிடுவார்களோ என்றும் உறுத்துகிறது. 'வணிகப் பயன்பாடு கூடாது' என்று போட்டால் போதுமா?

கெடிலக்கரை:
அப்படிப் போட்டால் விக்கிப்பீடியாவுக்கான படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகம் ஏற்காது. அங்கே போனால் தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைகளில் படம் எளிதாக ஏறும். சிசி பை-எஸ்ஏ (CC BY-SA) என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் திறந்த உரிமத்தைப் போடுங்கள். உங்கள் பெயரைச் சொல்லியாக வேண்டும்; மாற்றி வெளியிடுகிறவரும் அதே உரிமத்தில்தான் விட முடியும். காசாக்குகிறவனுக்கு அது கொஞ்சம் கசக்கும்! ஒரு தடவை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய லேஅவுட்காரன்:
சார், விளம்பர நிறுவன வேலையாக எடுத்த படம் ஏதாவது கலந்திருக்கிறதா? 1957 காப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணியில் இருந்தபோது வேலைக்காக எடுத்தது முதலாளிக்குத்தான் சொந்தம். அதைத் தனியே ஒதுக்குங்கள்.

கேட்டவர்:
முதுநகர் எல்லாம் விடுமுறையில், சொந்தக் கேமராவில் எடுத்தவைதான். அந்த அம்மாக்களிடம்?

கெடிலக்கரை:
சிசி உரிமம் உங்கள் காப்புரிமையை மட்டும்தான் தொடும். படத்தில் இருப்பவரின் சம்மதம் வேறு கணக்கு. பிரதி போட்டுக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சங்கரா கேட்காது.