முதல் செமஸ்ரரிலயே மார்க்ஸ் விழுந்திட்டுது, இனி டொக்டர் ஆகேலாதோ?

மல்லாவி மருதமரம்:
எல்லாருக்கும் வணக்கம். ஊர் மல்லாவி, இப்ப வெளியில வந்து படிக்கிறன். ஏ.எல்லில பயோ, மூண்டும் பாஸ், ஆனா மெடிசினுக்கு இசட் ஸ்கோர் (கம்பஸ் அனுமதிக்குப் பாக்கிற புள்ளி) காணேல்ல. இங்க படிச்சு டொக்டராகலாம் எண்டு பார்த்தா முதல் செமஸ்ரர் மார்க்ஸே குப்பை. இந்தமுறை கெமிஸ்ற்றி மிட்ரேமும் போட்டுது. அடுத்த கிழமை என்னவோ கடைசித் திகதியாம். அப்பாவுக்கு ஒண்டும் தெரியாது. கோயிலில காணுற ஆக்களிட்டயெல்லாம் பிள்ளை டொக்டருக்குப் படிக்குது எண்டு சொல்லிக்கொண்டு திரியிறார். நித்திரையே இல்லை. இப்பிடி மார்க்ஸ் எடுத்துப்போட்டு மெடிக்கல் ஸ்கூலுக்குப் போன ஆக்கள் இருக்கினமோ?

முழங்காவில் அண்ணை:
தம்பி, முதல்ல ஒழுங்காச் சாப்பிடு. நான் வந்து இறங்கினது நடுத் தை மாசம். பேஸ்மென்ற் ஒண்டுக்க ஏழு பேர், ஒரு குளியலறை. விடிய நாலு மணிக்கு பஸ்சுக்கு நிக்கேக்க காது இருக்கோ எண்டு தடவிப் பாக்கவேணும். கோழி வெட்டுற ஃபாக்ரறியில வேலை. அதுக்குள்ள ஊரில இருந்து போன், தங்கச்சியின்ர கலியாணத்துக்குக் காசு அனுப்பு எண்டு. உனக்குப் படிக்க இடம் கிடைச்சிருக்கு. நல்ல வின்ரர் சப்பாத்து வாங்கு, மலிவுச் சாமான் வாங்காத.

மல்லாவி மருதமரம்:
நான் பெட்டை அண்ணை.

நெடுங்கேணி:
நீங்கள் ஏன் ஊரை விட்டு வெளிக்கிட்டனீங்கள்? மூண்டு தரம் சோதினை எழுதலாமே. கம்பஸ் அனுமதியில 40 வீதம் நாடு முழுக்கத் திறமை, 55 வீதம் மாவட்டம், மிச்ச 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா எல்லாம் அதுக்க வரும். யாழ்ப்பாணத்தில மெடிக்கல் ஃபக்கல்ற்றி 1978இல இருந்து இருக்கு. இன்னொருக்கா எழுதியிருந்தா இப்ப வெள்ளைக் கோட்டோட நிண்டிருப்பீங்கள்.

பூநகரிப் பெடியன்:
பிள்ளை வந்திட்டுது. இனி வெட்டுப்புள்ளிக் கதை கதைச்சு என்ன பலன்? தங்கச்சி, பயப்பிடாத. விழுந்த பாடத்தைத் திருப்பி எடு, பழைய மார்க் அழிஞ்சிடும். என்ர கூட்டாளி ஒருத்தன் அப்பிடித்தான் செய்தவன்.

ஒட்டுசுட்டான் அக்கா:
அழியாது. அமெரிக்காவில ஆம்காஸ் எண்ட பொது விண்ணப்பம் ரெண்டு தரம் எடுத்த மார்க்கையும் சேர்த்துத்தான் கணக்குப் பாக்கும். ஒஸ்ரியோபதிக் எண்டு அங்க டொக்டராக இருக்கிற மற்ற வகை மெடிக்கல் ஸ்கூலுகளின்ர விண்ணப்பம் மட்டும் முந்தி புதுசை எடுத்துப் பழசை விட்டது. 2017ஓட அதுவும் நிண்டுபோச்சு. உங்கட கூட்டாளியின்ர யூனிவர்சிற்றி தன்ர கணக்கில அழிச்சிருக்கலாம், மெடிக்கல் ஸ்கூல் அப்பிடிப் பாக்காது.

விசுவமடு வேலு:
அப்ப இருக்கிற இடத்தை விட்டிட்டு வேற இடத்தில புதுசாத் தொடங்கட்டும். பழைய ரிசல்ற்றை ஏன் காட்டவேணும்? அதுவும் சரிவராட்டி கரீபியன் தீவு மெடிக்கல் ஸ்கூல் இருக்கு, காசைக் கட்டினா சீற் தருவாங்கள்.

ஒட்டுசுட்டான் அக்கா:
வேலு அண்ணை, தயவுசெய்து இந்த வேலையைச் சொல்லிக் குடுக்காதேங்கோ. பள்ளிக்கூடம் முடிச்சாப்பிறகு படிச்ச எல்லா இடத்தின்ர ரிசல்ற்றும் அனுப்பவேணும். மறைச்சது பிடிபட்டா அதோட கதை முடிஞ்சுது. கரீபியனில படிச்சிட்டுக் கனடாவுக்குத் திரும்பினா வெளிநாட்டில படிச்ச டொக்டராத்தான் கணக்கெடுப்பினம். றெசிடென்சிக்கு, அதான் டொக்டர் படிப்பு முடிச்சு ஆஸ்பத்திரியில எடுக்கிற பயிற்சிக்கு, அந்த ஆக்களுக்கு ஒதுக்கியிருக்கிற இடம் கொஞ்சம், போட்டி கனக்க. கடனை ஆர் கட்டுறது?

முழங்காவில் அண்ணை:
உந்த டொக்டர், இஞ்சினியர் பைத்தியம் எங்கட சனத்தை விட்டுப் போகாது. ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போனா முதல் கேள்வி மகன் என்ன படிக்கிறான். பிளம்பிங் செய்யிறான் எண்டு சொன்னா மற்றப் பக்கம் திரும்பி நிப்பினம். அவன்தான் அவையின்ர வீட்டுப் பைப்பும் திருத்திறவன்.

நெடுங்கேணி:
உண்மை. அதோட வாடகையும். போன மாசம் வீட்டுக்காரர் ஹீற்றரைக் குறைச்சு வைச்சிட்டுக் குளிருக்குச் சுவெட்டர் போடச் சொல்லுறார். தமிழ் ஆள்தான். தமிழாக்களிட்ட வாடகைக்கு இருக்கவே கூடாது.

பூநகரிப் பெடியன்:
வெள்ளைக்காரனிட்ட இருந்து பாருங்கோ, கருவாடு பொரிச்ச அண்டைக்குத் தெரியும்.

ஒட்டுசுட்டான் அக்கா:
கருவாட்டை விடுங்கோ. பிள்ளைக்கு அடுத்த கிழமை கடைசித் திகதி, ஒருத்தரும் அதைப் பற்றிக் கேக்கேல்ல. தங்கச்சி, எந்த நாடு? படிக்கிறது காலேஜோ, யூனிவர்சிற்றியோ? ஸ்ருடன்ற் விசாவோ, பி.ஆரோ (நிரந்தர வதிவிடமோ)? போன செமஸ்ரர் ஜி.பி.ஏ (4க்குக் கணக்குப் பாக்கிற சராசரிப் புள்ளி) எவ்வளவு, எத்தினை பாடம்? எதுக்குக் கடைசித் திகதி? வேலை செய்யிறீங்களோ?

மல்லாவி மருதமரம்:
மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. கனடா, ஒன்ராறியோ. யூனிவர்சிற்றி, லைஃப் சயன்ஸ் முதல் வருசம். அப்பா ஸ்பொன்சர் பண்ணி பி.ஆரில வந்தனாங்கள். அஞ்சு பாடத்துக்கு 1.9. அந்த நேரம்தான் அம்மம்மா ஊரில மோசம் போனவ, போகேலாமப் போச்சு. இரவில வெயர்ஹவுசில கிழமைக்கு நாலு நாள் வேலை. ஏ.எல் தமிழ் மீடியம், லெக்சர் வேகம் பிடிபடுதில்லை. கடைசித் திகதி பாடத்தை விடுறதுக்கு. இப்ப கெமிஸ்ற்றியும் கல்குலசும் பெயில் போற மாதிரி இருக்கு, மற்ற மூண்டும் பரவாயில்லை. படிப்புக்கு ஓ.சாப் (ஒன்ராறியோ அரசாங்கத்தின்ர மாணவர் நிதி உதவி) எடுக்கிறனான்.

ஒட்டுசுட்டான் அக்கா:
இதை முதலே சொல்லியிருந்தா இவ்வளவு இழுபட்டிருக்காது. நான் நர்ஸ், என்ர மூத்தவன் இந்த விண்ணப்பமெல்லாம் போட்டு முடிச்சவன், அதால சொல்லுறன்.

பி.ஆர் இருக்கிறது பெரிய விசயம். ஸ்ருடன்ற் விசாவில இருந்தா இங்கத்தை மெடிக்கல் ஸ்கூல் கதவு அனேகமாப் பூட்டுத்தான்.

கெமிஸ்ற்றி, கல்குலஸ் ரெண்டையும் திகதிக்கு முன்னம் விடுங்கோ. விட்ட பாடம் ஜி.பி.ஏயில சேராது, பெயில் சேரும். ஆனா மூண்டுக்குக் கீழ போகாதேங்கோ: ஓ.சாப்புக்கு முழுநேர மாணவரெண்டா 60 வீதப் பாடச்சுமை வேணும், அஞ்சில மூண்டு சரியா 60. பாடம் குறைஞ்சா காசும் மாறலாம், அதால விட முதல் நிதி உதவி அலுவலகத்தில ஒரு சொல்லுக் கேளுங்கோ. மூண்டையும் பாஸ் பண்ணவும் வேணும், இல்லாட்டி அடுத்த வருசக் காசு பிரச்சினையாகும்.

இப்ப கணக்கு. நாலு வருசத்துக்கு 40 பாடம். அஞ்சு 1.9இல கிடக்கு. இந்த செமஸ்ரர் அஞ்சும் அதே மாதிரிப் போனா, பிறகு மிச்ச 30ஐயும் 3.9இல எடுத்தாலும் முடிவில 3.4தான். ரெண்டை விட்டு, மிச்ச மூண்டையும் 3.3இல முடிச்சு, பிறகு 3.9 எடுத்தா 3.6 வரும். அடுத்த கிழமை எடுக்கிற முடிவின்ர பெறுமதி அவ்வளவு. அதோட எல்லா மெடிக்கல் ஸ்கூலும் ஒரே மாதிரிக் கணக்குப் பாக்கிறேல்ல. சிலது முழு வருசத்தையும் கூட்டும், சிலது நல்ல வருசங்களையோ கடைசி வருசங்களையோ பாக்கும், அந்த வருசம் முழுப் பாடத்தோட படிச்சதோ எண்டும் கவனிக்கும். மக்மாஸ்ரர் யூனிவர்சிற்றி 3.0இல இருந்து விண்ணப்பம் எடுக்கும். 2025இல பிரம்ப்ரனில தொடங்கின ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் யூனிவர்சிற்றியின்ர மெடிக்கல் ஸ்கூலுக்குக் குறைஞ்சது 3.3. அது விண்ணப்பிக்கத்தான், எடுபடுற ஆக்களின்ர மார்க் அதுக்கு நல்லா மேல நிக்கும்.

பூநகரிப் பெடியன்:
அப்ப மெடிக்கல் ஸ்கூல் அனுமதிச் சோதினை எம்கேட்டை இப்பவே எழுதிப் பாத்தா என்ன?

ஒட்டுசுட்டான் அக்கா:
வேண்டாம். 472இல இருந்து 528 வரை புள்ளி, சீவியத்தில ஏழு தரம்தான் எழுதலாம். எழுதினதெல்லாம் பதிவில நிக்கும். ஒட்டாவா யூனிவர்சிற்றியும் வடக்கு ஒன்ராறியோ மெடிக்கல் ஸ்கூலும் அதைக் கேக்கிறதே இல்லை. மக்மாஸ்ரர் அதில வாசிப்புப் பகுதியின்ர புள்ளியைத்தான் எடுக்கும். மூண்டாம் வருசம் யோசிக்கலாம்.

முதல்ல இரவு வேலையைக் குறைக்கப் பாருங்கோ. இரவு முழுக்கப் பெட்டி தூக்கிப்போட்டுக் காலமை லெக்சரில இருந்தா எந்த மீடியமும் மண்டையில ஏறாது. ஊரில பாஸ்ற் பேப்பர் செய்து மார்க்கிங் ஸ்கீமோட சரிபார்த்த பழக்கம் இருக்குமே, அதை விடாதேங்கோ. மிட்ரேம் பேப்பரைக் கொண்டு பேராசிரியரின்ர ஒபிஸ் நேரத்துக்குப் போய் எங்க புள்ளி போச்செண்டு கேளுங்கோ. போன செமஸ்ரருக்கு, அம்மம்மாவின்ர மரணச் சான்றிதழோட பிந்தின விலகல் மனு (கடைசித் திகதி போனாப்பிறகும் பாடத்தை விடக் கேக்கிற மனு) போடலாமோ எண்டு அட்வைசரிட்ட விசாரியுங்கோ. எல்லாருக்கும் குடுக்கமாட்டினம், கேக்கிறதுக்குக் காசில்லை. மனுவுக்கும் ஒரு கடைசித் திகதி இருக்கும், அதையும் கேளுங்கோ.

முழங்காவில் அண்ணை:
மரணச் சான்றிதழுக்கு இங்கிலிஸ் மொழிபெயர்ப்பு வேணும். அங்கீகாரம் உள்ள ஆளிட்டயே செய், சும்மா ஆரிட்டயும் குடுத்தா ஏற்காங்கள்.

மல்லாவி மருதமரம்:
அட்வைசருக்கு இப்பதான் ஈமெயில் போட்டனான், செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கினம். சான்றிதழ் மாமாவிட்ட இருக்கு, வட்ஸப்பில படமெடுத்து அனுப்புறாராம். பாடத்தை விட அப்பாவின்ர கையெழுத்து வேணுமோ அக்கா?

ஒட்டுசுட்டான் அக்கா:
வேண்டாம். உங்கட மார்க்ஸை உங்கட சம்மதம் இல்லாம யூனிவர்சிற்றி அப்பாவுக்குச் சொல்லாது. ஆனா ஓ.சாப் விண்ணப்பத்தில அவரின்ர வருமானமும் வரும், காசு மாறினா அவருக்குத் தெரிய வரலாம். அதால செவ்வாய்க்கிழமை போய் வந்த பிறகு, என்ன செய்யப் போறன் எண்ட கணக்கோட அவரிட்ட நீங்களே சொல்லுங்கோ. போகேக்க போன செமஸ்ரர் ரிசல்ற், மூண்டு பாடத்தின்ர இப்பத்தைய மார்க்ஸ், ஓ.சாப் கடிதம், மூண்டையும் எடுத்துக்கொண்டு போங்கோ.