பத்து நிமிஷம் கவிழ்த்து வச்சா பைண்டிங் போகுமா?

முதுகுத்தையல்:
நம் மன்றத்தின் 'வீட்டில் படிக்கும் சுகங்கள்' இழையில் சாய்வுநாற்காலி அருளிய வாக்கு இது: "அழைப்பு மணி அடிச்சா புத்தகத்தை அப்படியே கவிழ்த்து வச்சிட்டு எழுந்து போறதுதான் சுகம். பத்து நிமிஷம் கவிழ்ந்து கிடந்தா ஒண்ணும் ஆகாது. நல்ல பைண்டிங் தாங்கும்." கீழே வரிசையாக இதயக்குறிகள். அங்கே மறுத்து எழுதினால் சுகத்தைக் கெடுக்க வந்தவன் என்பீர்கள். அதனால்தான் தனி இழை.

இப்போது வரும் மெல்லட்டைப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றில் தையலே கிடையாது. மடித்த தாள்களின் முதுகை இரண்டு மூன்று மில்லிமீட்டர் சீவி, சொரசொரப்பாக்கி, உருக்கிய பசையைத் தடவி, மேலே அட்டையை ஒட்டிவிடுகிறார்கள். அதற்கு பர்ஃபெக்ட் பைண்டிங் என்று பெயர் வேறு. சீவிய பிறகு ஒவ்வொரு தாளும் தனித்தனி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பசைப்படலம்தான் அதன் விளிம்பைப் பிடித்திருக்கிறது. புத்தகத்தைக் கவிழ்த்தால் இரண்டு பக்கத்துப் பாரமும் சேர்ந்து முதுகை வெளிப்புறமாக மடக்கும். எந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவே விட்டீர்களோ அந்த ஒரே இடத்தில் பசை இழுபடும். முதலில் அட்டையின் முதுகில் வெள்ளைக் கோடு விழும். அடுத்து, எப்போது எடுத்தாலும் புத்தகம் அதே பக்கத்தில் தானாகத் திறந்துகொள்ளும். அதன்பின் தாள் கையோடு வரும். இதில் 'நல்ல பைண்டிங்' எங்கே இருக்கிறது?

சாய்வுநாற்காலி:
வந்துட்டாரய்யா. அட்டை போடுற இழையில பிளாஸ்டிக் உறையா பழுப்புத்தாளான்னு ஒரு வாரம் சண்டை போட்டது போதலையா? நான் சொன்னது பத்து நிமிஷம். பத்து மாசம் இல்ல. பத்து நிமிஷத்துல எந்தப் பசைங்க கிழியுது?

முதுகுத்தையல்:
கிழிவது நேரத்தாலா? மடங்கும் கோணத்தால். பசை இறுகிப்போன பழைய பிரதி என்றால் 180 டிகிரிக்கு ஒருமுறை விரித்தாலே 'டப்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தபின் நீங்கள் பத்து நிமிடம் வைத்தால் என்ன, பத்து நொடி வைத்தால் என்ன? சூட்டில் உருக்கி ஊற்றும் சாதாரணப் பசை வருஷம் போகப் போக நெகிழ்வை இழக்கும். குளிரில் இன்னும் மோசம். பியூஆர் என்கிற பாலியூரித்தேன் பசை மேல். காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து இறுகினாலும் வளைந்து கொடுக்கும். ஆனால் எதில் எந்தப் பசை என்று எந்தப் பதிப்பாளரும் அட்டையில் அச்சடிப்பதில்லை.

ஓரக்குறிப்பு:
கோணம்தான் காரணம் என்றால், கவிழ்க்கும்போது எல்லாப் புத்தகமும் 180 டிகிரிக்குப் போவதில்லையே? 150 பக்க ஒல்லிப் புத்தகம் கூரை போல நிற்கும், முதுகுக்கு அவ்வளவு பளு இல்லை. 600 பக்கத்தை நடுவில் கவிழ்த்தால்தான் தட்டையாகப் படுத்து அழுந்தும். அதிலும் 20ஆம் பக்கத்தில் கவிழ்த்தால் ஒருபுறம் பத்துத் தாள், மறுபுறம் மொத்தப் புத்தகம். பாரமான பக்கம் முதுகை ஒருக்களித்து இழுக்கும், பிறகு முதுகு கோணலாகவே நிற்கும். நீங்கள் இருவரும் எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொன்னால் நல்லது.

சாய்வுநாற்காலி:
பார்த்தீங்களா, ஒல்லிப் புத்தகத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அவரே சொல்லிட்டார். பத்து நிமிஷம், ஒல்லிப் புத்தகம். கேஸ் முடிஞ்சுது.

ஓரக்குறிப்பு:
நான் அப்படிச் சொல்லவில்லை. பளு குறைவு என்றேன்.

மின்விசிறி:
கவிழ்க்காம மல்லாக்க வச்சா காத்துல பக்கம் புரண்டு எங்க விட்டோம்னே தெரியாது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க முதல்ல. பைண்டிங்கை அப்புறம் காப்பாத்தலாம்.

முதுகுத்தையல்:
வழி மூவாயிரம் ரூபாய்க் கருவி ஒன்றுமில்லை. ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிவிட்டு மூடுங்கள். மூடுவதற்கு இரண்டு நொடி. அந்தக் காகிதம் பக்கத்தின் தாளைவிடத் தடிமனாக இருக்கக்கூடாது. பேனா, மூக்குக்கண்ணாடி, மடித்த கடிதம் எல்லாம் வைத்து மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவை உள்ளே இருந்தபடியே முதுகைப் பிளக்கும். உலோக கிளிப் துருப்பிடித்துத் தாளில் நிரந்தரமாக ஒரு பழுப்பு அச்சு விடும். திறந்தபடியே வைத்தாக வேண்டுமென்றால், கையளவுத் துணிப்பையை நீளவாக்கில் தைத்து, உள்ளே ஒரு கைப்பிடி மணலோ தானியமோ போட்டு, பக்கத்தின் குறுக்கே கிடத்துங்கள். காற்றும் புரட்டாது, முதுகும் மடங்காது.

சாய்வுநாற்காலி:
தானியமா! அதைத் தின்ன வர்ற பூச்சி அப்படியே புத்தகத்தையும் தின்னுட்டுப் போகட்டும். காப்பாத்துறவர் லட்சணம் பாருங்க.

முதுகுத்தையல்:
மணல் என்றும் எழுதியிருக்கிறேன். எனக்கு வசதியில்லாத சொல்லைக் கண்ணில் படாமல் தாண்டும் பழக்கம் கிடையாது, தங்களுக்கு உண்டு.

பழையபேப்பர்:
ஒரே சந்தேகம். கெட்டி அட்டைன்னா தையல் இருக்கும்தானே? அப்ப அதைக் கவிழ்க்கலாம்ல?

சாய்வுநாற்காலி:
தாராளமா. அதைத்தான் நல்ல பைண்டிங்னு சொன்னேன்.

முதுகுத்தையல்:
தவறு, தவறு, தவறு. கெட்டி அட்டை என்பது மேல்சட்டை மட்டும். உள்ளே வெறும் பசை போட்டு வெளியே அட்டையும் காலிகோத் துணியும் ஒட்டிய புத்தகங்கள் ஏராளம். தையல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? புத்தகத்தை மூடி, முதுகின் மேல் நுனியை வெளிச்சத்தில் பிடியுங்கள். தாள்கள் கட்டுக்கட்டாக, ஒவ்வொரு கட்டும் சின்ன வளைவாக மடிந்து தெரிந்தால் அது பாரம் மடித்த புத்தகம் (பாரம் என்றால் இங்கே எடை அல்ல, மடித்த தாள்கட்டு). நாலு தாளை மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 16 பக்கம், ஒரு பாரம். அதோடு நிறுத்திவிடாதீர்கள். மடிப்பை வைத்துக்கொண்டே அதில் கீறல் போட்டுப் பசையை உள்ளே இறக்கும் முறையும் உண்டு. மேலிருந்து பார்த்தால் தைத்தது போலவே ஏமாற்றும். பாரத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து, மடிப்பில் நூல் ஓடுகிறதா பாருங்கள். முதல் பாரத்தில் 8, 9ஆம் பக்கங்களுக்கு நடுவே இருக்கும்; முன்பக்கங்களுக்கு எண் போடாத புத்தகம் என்றால் முதல் தாளிலிருந்து எண்ணுங்கள். நூல் கண்ணில் பட்டால்தான் தையல்.

ஓரக்குறிப்பு:
நூல் இருந்தாலும் கவிழ்க்கக்கூடாது என்பீர்களா, கவிழ்க்கலாம் என்பீர்களா? நேரான பதில் வேண்டும்.

முதுகுத்தையல்:
தாள் விழாது. ஆனால் அட்டையையும் உள்கட்டையும் இணைக்கும் இடம், அதாவது அட்டையின் உட்புறம் ஒட்டியிருக்கும் முதல் தாளின் மடிப்பு, பிளக்கத் தொடங்கும். அங்கே இருப்பது ஒரு வலைத்துணியும் ஒரு தாளும் மட்டுமே.

சாய்வுநாற்காலி:
ஆக தாள் விழாது! எழுதி வச்சுக்கோங்க. பத்து நிமிஷம் கவிழ்த்தா தாள் விழாது, முதுகுத்தையல் வாயாலேயே வந்துடுச்சு.

முதுகுத்தையல்:
தைத்த புத்தகத்தில். நீங்கள் படுத்துக்கொண்டு படிப்பது தைத்த புத்தகமா? ஒரு கையால் பிடித்து, முன்னட்டையைப் பின்னட்டையோடு மடக்கி 360 டிகிரிக்கு வளைத்துப் படிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர் நீங்கள் என்று அந்த 'ஒருக்களித்துப் படிக்கும் சுகம்' பதிவிலேயே தெரிந்துவிட்டது. கவிழ்ப்பதெல்லாம் உங்களுக்குச் சின்னப் பாவம்.

சாய்வுநாற்காலி:
ஒருக்களிச்சுப் படுத்தா ஒரு கைதான் மிச்சம் சாமி. உங்களுக்கு மூணாவது கை இருந்தா வாழ்த்துகள். படிக்கிறதுக்குத்தான் புத்தகம், அலமாரியில நட்டு வச்சு ஆரத்தி எடுக்கிறதுக்கில்ல.

மின்விசிறி:
இதுக்கு ஒரு இதயக்குறி.

முதுகுத்தையல்:
படிப்பதற்குத்தான். கடைசி அத்தியாயம் வரை தாள் வரிசையாக இருந்தால் படிக்கலாம்.

சரி, சண்டையைவிட்டு உருப்படியாக ஒன்று. புதுப் புத்தகம் வந்த அன்றே இதைச் செய்தால் பாதிப் பிரச்சினை வராது. முதுகை மேசையில் ஊன்றி, தாள்கட்டை நேராக நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்னட்டையை இறக்கி மடிப்போரம் விரலால் மெல்ல நீவுங்கள். பின்னட்டையை அதேபோல். பிறகு முன்னாலிருந்து பத்துப் பன்னிரண்டு தாள், பின்னாலிருந்து அதே அளவு, மாற்றி மாற்றி நடு வரை. நீவ வேண்டும், அமுக்கக்கூடாது. நடுவில் முதலில் திறந்தால் எல்லா விறைப்பும் அங்கே போய் முதுகு இரண்டாகப் பிளக்கும். இப்படிப் பழக்கிய புத்தகம் சுலபமாகத் திறந்து நிற்கும். கவிழ்க்கத் தேவையே வராது.

ஓரக்குறிப்பு:
அது தாளின் இழையோட்டம், அதாவது தாளுக்குள் நார்கள் ஓடும் திசை, முதுகுக்கு இணையாக இருந்தால். குறுக்காக இருந்தால் எவ்வளவு நீவினாலும் பக்கம் விறைத்துக்கொண்டு மூடிக்கொள்ளும், ஈரக்காற்று பட்டால் முதுகோரம் அலை அலையாக நெளியும். சோதிக்க எளிய வழி: ஒரு பக்கத்தைக் கிழிக்காமல் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, அந்த வளைவுக்கு இணையாக இழை ஓடுகிறது. காசு மிச்சம் பிடிக்க அச்சகத்தில் தாளைத் திருப்பிப் போடுகிறார்கள். பழி முழுக்க வாசகன் தலையில். முதுகுத்தையல் இதைச் சொல்லாமல் விட்டது ஆச்சரியம்தான்.

முதுகுத்தையல்:
எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? தலைப்பு கவிழ்ப்பது பற்றியது. இழையோட்டம் எதிராக இருந்தால் கவிழ்ப்பது இன்னும் கேடு, அவ்வளவுதான்.

ஓரக்குறிப்பு:
எல்லாச் சாலையும் கவிழ்ப்பதில்தான் போய் முடிகிறது உங்களுக்கு.

பழையபேப்பர்:
எனக்கு இப்ப ரெண்டு தாள் கையோட வந்துடுச்சு. செல்லோடேப் ஒட்டலாமா?

சாய்வுநாற்காலி:
ஒட்டுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

முதுகுத்தையல்:
ஒட்டவே ஒட்டாதீர்கள். நாளாக ஆக டேப்பின் பசை மஞ்சளித்துத் தாளுக்குள் இறங்கும், ஓரத்தில் பிசுபிசுவென்று கசிந்து பக்கத்துப் பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். கடைசியில் பிளாஸ்டிக் மட்டும் உதிரும், கறை அங்கேயே நிற்கும். இன்ஸ்டன்ட் க்ளூவும் வேண்டாம். கண்ணாடி மாதிரி இறுகி, அடுத்த முறை திறக்கும்போது தாளையும் சேர்த்து உடைக்கும்.

தச்சு வேலைக்கோ கைவேலைக்கோ வாங்கும் வெள்ளைப் பசை, பிவிஏ, போதும். உதிர்ந்த தாளின் உள்விளிம்பில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி மேலே ஒரு வீண்காகிதம் வையுங்கள். மெல்லிய தூரிகையால் காகிதத்திலிருந்து வெளிநோக்கி ஒரே இழுப்பு. வீண்காகிதத்தை உடனே எடுத்து எறியுங்கள், திருப்பிப் பயன்படுத்தினால் நடுப்பக்கமெல்லாம் பசை. தாளை முதுகு வரை இறக்கி, மேல்விளிம்பை மற்றத் தாள்களோடு சமன் செய்யுங்கள். இருபுறமும் மெழுகுத்தாள் செருகி மூடி, மேலே இரண்டு கிலோ பாரம், ஓர் இரவு. காலையில் வெளியோரம் ஒரு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தால் தாள் உள்ளே முழுக்க இறங்கவில்லை என்று பொருள். பசை காயும் முன் பார்த்திருக்க வேண்டும்.

இருபது முப்பது தாள் விழுந்தால் இது உதவாது. தாள்கள் மொத்தத்தையும் அட்டையிலிருந்து பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கி, முதுகை ஒருபக்கம் விசிறிபோல் சாய்த்து ஒரு பூச்சு, மறுபக்கம் சாய்த்து ஒரு பூச்சு. அப்போதுதான் ஒவ்வொரு தாளின் இருபுறமும் ஒரு மயிரிழைப் பசை ஏறும்.

சாய்வுநாற்காலி:
ரெண்டு தாளுக்கு ஓர் இரவு, மெழுகுத்தாள், தூரிகை, ரெண்டு கிலோ கல். இதுக்குப் பேரு சுகமாம். டேப்புன்னா இந்நேரம் ரெண்டு அத்தியாயம் முடிஞ்சிருக்கும்.

ஓரக்குறிப்பு:
பிவிஏ ஒருமுறை காய்ந்தால் திரும்ப எடுக்க முடியாது. நாளைக்கு யாராவது முறையாகப் பழுது பார்க்க நினைத்தால் தாளைக் கிழித்துத்தான் பிரிக்க வேண்டும். மாவுப் பசையென்றால் ஈரம் காட்டினால் விட்டுவிடும். பெரிய பைண்டர் இதைச் சொல்ல மாட்டாரா?

முதுகுத்தையல்:
மாவுப் பசை அருங்காட்சியகத்துக்கு. பசை முதுகு வளையும்போது மாவுப் பசை பொடியாக உதிரும். அதோடு வெள்ளிப்பூச்சிக்கு அதுதான் விருந்து.

ஓரக்குறிப்பு:
அதற்குத்தான் துளி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். பழைய பைண்டர்கள் எல்லாரும் செய்தது.

முதுகுத்தையல்:
செம்பு உப்பு காலப்போக்கில் தாளை அரிக்கும். பூச்சி தின்னாததை நீங்களே தின்னக் கொடுக்கிறீர்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, அறையின் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். வெள்ளிப்பூச்சியும் குறையும், பூஞ்சணமும் எளிதில் வராது.

ஓரக்குறிப்பு:
தையல் பற்றி மட்டும் பேசுங்கள். பசை வேதியியலில் நீங்கள் எழுதுவது பாதிதான் சரி.

முதுகுத்தையல்:
எந்தப் பாதி?

மின்விசிறி:
பழையபேப்பர், நீங்க என்ன ஒட்டினீங்க?

பழையபேப்பர்:
டேப்.

முதுகுத்தையல்:
உடனே உரித்தெடுக்காதீர்கள், மேல்தாள் பிய்ந்துவிடும். தலைமுடி உலர்த்தியை மிதமான சூட்டில் வைத்து, ஒரு நுனியிலிருந்து தாளோடு தாளாகப் பின்பக்கம் மடித்துக்கொண்டே மெதுவாக இழுங்கள். ஓரக்குறிப்பு, எந்தப் பாதி என்று கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

ஓரக்குறிப்பு:
சூடு காட்டினால் முதுகில் உருக்கி ஊற்றிய பசை இளகி இன்னும் நாலு தாள் கழன்று வரும். இந்தப் பாதிதான்.

முதுகுத்தையல்:
மிதமான சூடு என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பசை இளக முடி உலர்த்தியின் மிதச் சூடு பொதுவாகப் போதாது. வாசிப்பைத் தவிர மற்றதெல்லாம் வருகிறது இந்த மன்றத்துக்கு.

சாய்வுநாற்காலி:
பத்து நிமிஷத்துக்கு ஆதாரம் மட்டும் இன்னும் வரல.