திருவொற்றியூர் ஷெட்டில் கிட் விமானம்: உப்புக்காற்று, டிரில் பிட், பிரைமர் சந்தேகங்கள்

கடலோரக்கூடு (கேள்வி)

வணக்கம். திருவொற்றியூரில் கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் தரைத்தள ஷெட். 24க்கு 11 அடி, தகரக் கூரை, சிமென்ட் தரை. பாகங்களாக வாங்கி நாமே கட்டும் செனித் சிஎச் 750 சிறு விமானத்துக்கான ரட்டர் (வால் சுக்கான்) கிட்டை மட்டும் முதலில் கட்டிப் பார்த்துவிட்டு, கை படிந்தால் மீதியை வாங்கலாம் என்று திட்டம். தகடு 6061-டி6 அலுமினியம், ரிவெட் எல்லாம் ஒரு பக்கமிருந்தே கருவியால் ஆணியை இழுத்துப் பூட்டும் இழுவை வகை.

கேட்க வேண்டியது: உப்புக்காற்றுக்கு உள்பக்கம் முழுக்க பிரைமர் அடிக்க வேண்டுமா? கையேட்டில் நம்பர் 30, நம்பர் 20 டிரில் என்று போட்டிருக்கிறது, மண்ணடியில் மி.மீ. பிட்தான் சுலபமாகக் கிடைக்கிறது, அது போதுமா? மேஜை எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்?

தகடுதட்டி

பிரைமருக்கு முன்னால் ஒரு விஷயம். இந்தப் பக்கத்துக் காற்றில் அலுமினியம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கெடாது. இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இடத்தில்தான் கெடும். துளை போடும்போது நடுவில் சிக்கும் துருவல் இரண்டையும் காகிதக் கனத்துக்குத் தள்ளி வைக்கும். அந்த இடுக்கில் உப்பு ஈரம் ஏறினால் வெளியே வராது. வெள்ளைப் பொடி வெளியே தெரிகிற நேரத்தில் உள்ளே வேலை முடிந்திருக்கும்.

அதனால் வரிசை இப்படி: க்ளீகோ (தகடுகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் ஸ்பிரிங் கவ்வி) போட்டு எல்லாத் துளைகளையும் முழு அளவுக்கு டிரில் பண்ணுங்கள். பிறகு சோம்பல் படாமல் மொத்தத்தையும் பிரியுங்கள். ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு முகத்திலும் பிசிறு எடுங்கள். துளையைவிடப் பெரிய பிட் ஒன்றைக் கைப்பிடியில் மாட்டி, விரலால் லேசாக அரைச் சுற்று போதும். 0.016 அங்குலத் தகடு 0.4 மி.மீ. தான், அழுத்தி இரண்டு சுற்று சுற்றினால் பாதிக் கனம் போய், துளை ஓரம் பிளேடு மாதிரி ஆகிவிடும். அந்த ஓரத்தில்தான் பின்னால் விரிசல் பிடிக்கும்.

பிரைமர்: 6061-க்கு உள்பக்கம் முழுக்கத் தேவையில்லை, எடைதான் கூடும். ஒன்றோடொன்று ஒட்டும் முகங்களுக்கு மட்டும் இரண்டு பாக எபாக்ஸி பிரைமர், மெல்லிய ஒரே பூச்சு. அதற்கு முன் மெரூன் ஸ்காட்ச் பிரைட் நார்ப் பட்டையால் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவி, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் உடையாமல் ஒரே படலமாக நின்றால் சுத்தம்; முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது, மறுபடி கழுவ வேண்டும். கழுவிய தகட்டை வெறுங்கையால் தொடக்கூடாது. நம்ம ஊர் வியர்வையும் உப்புதானே.

கோடு போட பென்சில் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கிராஃபைட் அலுமினியத்தோடு சேர்ந்து ஈரத்தில் பேட்டரி மாதிரி வேலை செய்து, கோட்டின் மேலேயே அரிக்கும். மெல்லிய மார்க்கர் போதும்.

பிட்டுமணி

நம்பர் 30 என்றால் 0.1285 அங்குலம், 3.26 மி.மீ. கடையில் 3.2 கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். அதில் ஏ4 (1/8 அங்குல) ரிவெட் முட்டி நிற்கும், சுத்தியலால் தட்டத் தோன்றும். 3.3 சற்று லூஸ். 3.25 கேட்டு வாங்குங்கள். நம்பர் 20-க்கு 4.1 மி.மீ. அச்சாகப் பொருந்தும். வாங்கிய பிட்டை அப்படியே நம்பாமல் கழிவுத் தகட்டில் துளைத்து ரிவெட்டைப் போட்டுப் பாருங்கள்: விரலால் தள்ளினால் போக வேண்டும், ஆடக்கூடாது.

ரிவெட்டை மட்டும் வெளியே வாங்காதீர்கள். கிட்டில் வரும் ஏவெக்ஸ் ரிவெட்டும் கதவுக்காரர் அடிக்கும் பாப் ரிவெட்டும் பார்க்க ஒன்றுதான். ஆனால் கடைச் சரக்குக்கு வெட்டுவலிமைக் கணக்கு கிடையாது, இழுத்து முறிந்தபின் உள்ளே தங்க வேண்டிய நடு ஆணியின் தலையும் தளர்ந்து விழலாம். செனித் முறையில் ரிவெட்டின் தலை முதலில் தட்டையாக இருக்கும். இழுவைக் கருவியின் மூக்கில் குழி கடைந்திருப்பதால் இழுக்கும்போது குமிழாகும். சாதாரண மூக்கை மாட்டி இழுத்தால் தலை ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும், அங்கேயும் உப்பு உட்காரும். கருவியைத் தகட்டுக்குச் செங்குத்தாக அழுத்திப் பிடித்து இழுங்கள். 0.002 அங்குல ஃபீலர் கேஜ் (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு) தலைக்கடியில் நுழைந்தால் அந்த ரிவெட் தள்ளுபடி.

காற்றில் ஓடும் ரிவெட்டர் என்றால் 6 பார் அழுத்தம். கம்ப்ரஸர் டேங்கில் தினமும் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். இந்த ஈரப்பதத்தில் ஒரு நாளில் சேரும் தண்ணீர் பிரைமர் ஸ்ப்ரேயைக் கெடுக்கப் போதும்.

போல்ட்டுக்கும் இதே பேச்சுதான். துரு பிடிக்காது என்று எஸ்எஸ் போல்ட்டுக்கு மாறாதீர்கள். விமானத்துக்கான ஏஎன் போல்ட் 125,000 பிஎஸ்ஐ, அதாவது 860 மெகாபாஸ்கல் அளவு தாங்கும். கடையில் வரும் ஏ2-70 எஸ்எஸ் 700 தான். ஏஎன்3 (3/16 அங்குல) போல்ட்டுக்கு முறுக்கு 20 முதல் 25 அங்குல-பவுண்டு. நைலான் நட் என்றால் அது சும்மா சுற்றவே எடுக்கும் முறுக்கை அளந்து அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

ரசமட்டம்

மேஜைக் கேள்வியை யாரும் தொடவில்லை. ரட்டர் என்பது மூடிய பெட்டி. ஸ்கின்னை (மேலுறைத் தகட்டை) இரண்டு பக்கமும் ரிவெட் அடித்த பிறகு முறுக்கல் இருந்தால் நிமிர்த்த வழியே இல்லை, பிரித்துத்தான் ஆக வேண்டும். மேஜையை டியூப் லெவலால் நான்கு மூலைக்கும் மட்டம் பாருங்கள். பிறகு காசிமேட்டில் விற்கும் தூண்டில் நரம்பை மூலைக்கு மூலை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு நரம்பும் நடுவில் தொட்டும் தொடாமலும் கடந்தால் பலகையில் முறுக்கல் இல்லை. மழைக்காலத்தில் பிளைவுட் ஊதும். ஸ்கின் மூடுகிற அன்று காலை மறுபடி பாருங்கள்.

தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் ஸ்கின் அடிக்காதீர்கள். ஒரு மீட்டர் அலுமினியம் 10 டிகிரிக்குச் சுமார் கால் மில்லிமீட்டர் நீளும். ஜன்னல் வெயில் ஸ்கின்மேல் மட்டும் விழுந்து உள்சட்டம் நிழலில் இருந்தால் துளைகள் தள்ளிப்போகும். பொழுது சாய்ந்து, எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு அடித்துப் போங்கள். ஒரு ஓரத்தில் தொடங்கி வரிசையாகப் போனால் மிச்சத் தகடு கடைசியில் உப்பி நிற்கும், அமுக்கினால் டப்பா மாதிரி ‘டொக்’ என்னும்.

சாமான் வைக்கும் இடம்: சிமென்ட் தரையிலும் சுண்ணாம்புச் சுவரிலும் தகட்டைச் சாய்க்காதீர்கள், ஈரமான காரம் அலுமினியத்தைத் தின்னும். பெட்டி வந்ததும் ஈரம் குடிக்கும் பேக்கிங் காகிதத்தை எடுத்துவிடுங்கள். அலமாரி தரையிலிருந்து நாலடி உயரத்தில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் எண்ணூர்ப் பக்கம் எண்ணெயோடு வீடு புகுந்தது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பேப்பர்காரன்

ரட்டரோடு நிற்பதென்றால் கவலை இல்லை. மீதிக் கிட்டுக்குப் பணம் கட்டும் முன் டிஜிசிஏ-விடம் (விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) போய்ப் பேசுங்கள். ரிவெட் அடித்து மூடிய பெட்டிக்குள் யாராலும் பார்க்க முடியாது. ஒவ்வொரு மூடலுக்கு முன்பும் ஸ்கேல் வைத்துத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். இன்னொன்று, டாக்ஸி சோதனைக்கு (விமானத்தைத் தரையில் ஓட்டிப் பார்க்க) சோழவரத்துப் பழைய ஓடுதளம் இருக்கிறதே என்று மனக்கணக்குப் போட வேண்டாம். ரேஸ் நடந்ததெல்லாம் அந்தக் காலம்.

கடலோரக்கூடு

நன்றி, எல்லோருக்கும். இன்னும் ஒன்று: ஏ4 துளை நீள்வட்டமாகிவிட்டால் தகடே வீணா?

பிட்டுமணி

இல்லை. 4.1 மி.மீ. பிட்டால் பெரிதாக்கி ஒரு அளவு பெரிய ஏ5 (5/32 அங்குல) ரிவெட் போடலாம். ஆனால் முதலில் ஓரத் தூரம் பாருங்கள்: துளை மையத்திலிருந்து தகட்டு விளிம்புக்கு ரிவெட் விட்டத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு, ஏ5-க்கு 8 மி.மீ. அது இல்லையென்றால் அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். தப்பாக அடித்த ரிவெட்டைக் கழற்றும்போதுதான் பாதித் துளைகள் கெடுகின்றன. நேராக டிரில்லை வைத்தால் நடுவிலிருக்கும் இரும்பு ஆணியில் பிட் வழுக்கி அலுமினியத்தைக் கடிக்கும். மெல்லிய பன்ச்சால் ஆணியை உள்ளே தட்டிவிட்டு, தலையை மட்டும் டிரில் பண்ணிக் கிள்ளி எடுங்கள், வாலைப் பின்னால் தள்ளுங்கள். தட்டிய ஆணிகளை எண்ணி வையுங்கள். பெட்டியை மூடுவதற்கு முன் அத்தனையும் காந்தத்தில் ஒட்டி வெளியே வந்திருக்க வேண்டும்.