குடியிருப்பு தெருவுல ஒரு இடத்த மட்டும் கமர்ஷியலுக்கு மாத்துறாங்க, ஆட்சேபனை எழுதுனா பலன் இருக்கா?

கேள்வி:
எங்க தெரு முழுக்க வீடுங்கதான், மாஸ்டர் பிளான்லயும் குடியிருப்புன்னுதான் இருக்கு. இப்ப ஒரு இடத்த வணிக பயன்பாட்டுக்கு மாத்தித் தரச் சொல்லி மனு போட்டிருக்காங்க, கீழ ஷோரூம் மேல பார்ட்டி ஹாலாம். ஆட்சேபனை இருந்தா எழுதிக் குடுங்கன்னு நோட்டீஸ் ஒட்டிருக்கு. தெருவுல பாதிப் பேர் நம்ம நிலத்து விலையும் ஏறும்னு பேசாம இருக்காங்க. வீட்ல வயசானவங்க இருக்காங்க, ராத்திரி சத்தத்த நெனச்சாலே கவலையா இருக்கு. என்னன்னு எழுதணும்?

பதில் 1:
கண்டிப்பா எழுதுங்க, அதுவும் காலக்கெடுவுக்குள்ள. கட்டடம் எழும்பிட்டா அப்புறம் கோர்ட்டுதான், வருஷக்கணக்கா இழுக்கும். "எங்களுக்கு வேணாம்"னு மட்டும் எழுதுனா ஓரமா வச்சிருவாங்க. அந்தக் கட்டடத்தோட பிளான் காப்பி கேட்டு வாங்கி, ரோடு எத்தன அடி, ஹால் நெறஞ்சா எத்தன கார் வரும், பார்க்கிங் எத்தன காட்டிருக்காங்க, ஃபயர் இன்ஜின் உள்ள திரும்ப முடியுமா, சாக்கடை தாங்குமான்னு ஒவ்வொன்னா அளவோட எழுதுங்க. 1926ல யூக்ளிட்ங்கற ஊர் சம்பந்தப்பட்ட கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வீட்டுப் பகுதிய தனியா பிரிக்கறது செல்லும்னு சொன்னப்பவும் இதே மாதிரி விஷயங்களத்தான் பாத்தாங்க, சத்தம், டிராபிக், தீ ஆபத்து, பிள்ளைங்க பாதுகாப்பு. அப்புறம் சுத்தி எல்லாம் வீடா இருக்கறப்ப இந்த ஒரு மனைக்கு மட்டும் ஏன் சலுகைன்னு கேளுங்க. அங்க இத ஸ்பாட் ஜோனிங்னு சொல்வாங்க, அந்தக் காரணத்துக்காகவே கோர்ட்டுங்க ரத்து பண்ணதும் உண்டு.

பதில் 2:
சத்தம் டிராபிக் எல்லாம் சரி, ஆனா கடைன்னாலே எதிர்க்காதீங்க. நடந்து போற தூரத்துல மருந்துக் கடை இருந்தா அந்த வயசானவங்களுக்குத்தான் முதல்ல உதவி. ஜப்பான்ல ரொம்பக் கண்டிப்பான குடியிருப்புப் பகுதில கூட வீட்டோட சேந்த சின்னக் கடை வைக்கலாம், ஆனா 50 சதுர மீட்டருக்கு மேல போகக்கூடாது, வீட்டுப் பரப்புல பாதிக்கும் கம்மியா இருக்கணும். என்னைக் கேட்டா பிரச்சன அளவுலயும் நேரத்துலயும்தான். உங்க மனுல ஷோரூமையும் ஹாலையும் பிரிச்சு எழுதுங்க, ஹால் வேணவே வேணாம், ஷோரூமுக்கு அனுமதி குடுத்தா ராத்திரி லோடு இறக்கக்கூடாது, ஜெனரேட்டர் பக்கத்து வீட்டு சுவர ஒட்டி வைக்கக்கூடாதுன்னு உத்தரவுலயே நிபந்தனையா போடச் சொல்லுங்க, வாய்ப்பேச்சு எதுக்கும் உதவாது.

பதில் 3:
நில விலை ஏறும்னு சொல்றவங்ககிட்ட டெல்லிய பத்தி சொல்லுங்க. அங்க வருஷக்கணக்கா வீடுங்கள்ல விதிய மீறி கடைங்க வந்துச்சு, அதிகாரிங்க கண்டுக்கல, கடைசில 2006ல சுப்ரீம் கோர்ட் சீல் வைக்கச் சொல்லிருச்சு. அத நம்பிப் பொழச்சவங்க ரோட்டுக்கு வந்தாங்க, போராட்டம் வெடிச்சது, அடுத்த வருஷமே மாஸ்டர் பிளான்ல நெறைய தெருக்களுக்கு கலப்புப் பயன்பாட்ட அனுமதிச்சாங்க. நிம்மதிய இழந்த குடும்பங்களுக்கு அது திரும்பக் கெடைக்கல.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. வாடகைக்கு இருக்கறவங்களும் கையெழுத்துப் போடலாமா?

பதில் 1:
போடட்டும், பாதிக்கப்படறது அவங்களும்தான. எல்லாரும் ஒரே லெட்டர்ல போடாம தனித்தனியா குடுங்க, ஒவ்வொன்னுக்கும் தேதியோட ரசீது வாங்கிருங்க, ஹியரிங் வச்சா நேர்ல போங்க.